சான்றிதழ் கிடைக்காத சாகசங்கள்

"லீவுல என்ன செஞ்ச?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் மாணவர்களுக்குத் தனிப் பயிற்சியே தேவைப்படுகிறது. தன்முனைப்பு முகாமுக்குப் போனேன், பகுதி நேர வேலை செய்தேன் என்று சொன்னால் கேட்டவர் மகிழ்ச்சியோடு தலையாட்டுவார். வீடியோ கேம் விளையாடினேன், நாயைக் கூட்டிக்கொண்டு செம்பனைக் காட்டில் சுற்றினேன் என்று சொன்னால், "ஓ, சும்மாதான் இருந்தியா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். கடந்த விடுமுறையில் நான் லுக்குட்டில் அப்படித்தான் 'சும்மா' இருந்தேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பெரியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடிக்கத் தேர்வுப் புள்ளிகளுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று நமக்குப் பாடம்போல் சொல்லி வளர்த்தார்கள். அந்தப் பத்துக்காக நாம் படாத பாடு இல்லை. செம்பிறைச் சங்கம், குறுக்கோட்டம், கதை சொல்லும் போட்டி என எல்லாவற்றிலும் கலந்துகொண்டு சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கினோம். என் கோப்பு இன்னும் அலமாரியில் இருக்கிறது, நல்ல கனம். ஆனால் அதில் இருக்கும் பாதிச் சான்றிதழ்கள் எந்த நாளில், எதற்காக வாங்கியவை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. எதைச் செய்தாலும் 'இதனால் என்ன பயன்?' என்று மனம் முதலில் கணக்குப் போடுகிறது. இருபது வயதில் இது நல்லதற்கில்லை என்பது என் கருத்து.

முதலில் கேம் கதை. என் தம்பி 'மொபைல் லெஜண்ட்ஸ்' பைத்தியம். அணிக்கு ஐந்து பேர் மோதும் விளையாட்டு அது. 2019ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் சீ விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்கு ஆடப்பட்ட மின் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. தம்பி இந்தத் தகவலை அப்பாவிடம் வாரம் ஒருமுறையாவது நினைவுபடுத்துவான். அப்பாவோ, "இது ஒரு போதைடா" என்பார். உலகச் சுகாதார நிறுவனமே கேம் விளையாட்டுக் கோளாற்றை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்குரிய அறிகுறிகளையும் அது சொல்லியிருக்கிறது: கட்டுப்பாடு இழப்பது, மற்ற கடமைகளைவிட விளையாட்டே பெரிதாகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் நிறுத்தாமல் போவது. பொதுவாக ஓர் ஆண்டாவது இந்த நிலை நீடித்திருக்க வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டு மூன்று நிமிடம் தாமதமாக வருவது அதில் சேராது.

ஒரு நாள் தம்பி என்னையும் அணியில் சேர்த்துக்கொண்டான். பத்து நிமிடத்தில் ஏழு முறை செத்தேன். "அக்கா, ஏன் தனியாப் போற? டவர் பக்கத்துல நில்லு!" என்று அவன் கத்தக் கத்த, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் எப்போதும் நான்தான் அவனுக்குப் பாடம் சொல்லித் தருவேன். அன்று அவன் ஆசிரியர். பொறுமையாக, வரைபடத்தில் எந்தப் பாதை எதற்கு என்று விரலால் தொட்டுக் காட்டினான். கணக்குப் பாடத்தில் அந்தப் பொறுமையை நான் அவனிடம் பார்த்ததே இல்லை.

அடுத்து மடிக்கணினியில் 'வெண்பா'. பெயரைப் பார்த்து யாப்பிலக்கணம் என்று பயப்பட வேண்டாம். கனடாவில் டொரொண்டோவைச் சேர்ந்த 'விசை கேம்ஸ்' 2023இல் வெளியிட்ட சமையல் விளையாட்டு. தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா என்ற பெண், தன் அம்மாவின் கிழிந்து மங்கிய சமையல் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்க வேண்டும். மங்கிப்போன வரிகளில் என்ன இருந்திருக்கும் என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற விருது இதற்குக் கிடைத்தது.

முதல் சமையல் இட்லி. நான் திரையில் தட்டுகளை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தேன். பின்னால் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "தட்ட மாத்தி மாத்தி அடுக்கும்மா. குழிக்கு மேல குழி வந்தா ஆவி எப்படி ஏறும்?" அவ்வளவுதான், விடை சரி! அதன் பிறகு பாட்டி இடத்தைவிட்டு நகரவில்லை. புட்டு, பிரியாணி, மீன் குழம்பு என்று ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். விளையாட்டின் பக்குவம் சில இடங்களில் அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கதையில் மகன் கவின் வளர வளர, அம்மா பேசும் தமிழ் அவனுக்கு முழுசாகப் புரியாமல் போகிறது. அந்தக் கட்டத்தில் பாட்டி பேசவில்லை. நானும்தான். தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். ஆனால் இடைநிலைப்பள்ளி மலாயில், பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் என்று ஆன பிறகு, பாட்டியிடம் என் பாடத்தைப் பற்றிப் பேச என்னிடம் இருக்கும் சொற்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன.

இனி ஜிம்மி. கறுப்பும் வெள்ளையும் கலந்த, எந்தச் சாதி என்று யாரும் சொல்ல முடியாத தோட்டத்து நாய். ஜிம்மிக்கு எங்கள் வீட்டில் ஒரு முக்கியமான பதவி உண்டு. நான் தனியாக வெளியே போகிறேன் என்றால் அம்மா எங்கே, யாரோடு, எதற்கு, எப்போது திரும்புவாய் என்று நான்கு கேள்வி கேட்பார். ஜிம்மியோடு போகிறேன் என்றால் ஒரே கேள்விதான்: "தண்ணி எடுத்துக்கிட்டியா?" தம்பிக்கு அந்த ஒரு கேள்விகூடக் கிடையாது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் காரணமில்லாமல் நடக்கப் போக முடிவதில்லை. எனக்கு நாலு காலும் ஒரு வாலும் உள்ள காரணம் கிடைத்தது. கிடைக்காத தோழிகள் பலர் இருக்கிறார்கள். மகளைத் தனியாக அனுப்பப் பயப்படும் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாக மகளை எப்போதும் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு மூன்று தோழிகளாகச் சேர்ந்து, போகும் வழியைச் சொல்லிவிட்டு, பகல் வெளிச்சத்தில் நடக்கட்டுமே.

நாயோடு நடப்பதற்கும் முறை உண்டு. எங்கள் வரிசையில் மலாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். அதனால் யாராவது எதிரே வந்தால் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து ஓரமாக நின்றுவிடுவேன். இப்போது மூன்றாம் வீட்டு மக்சிக் தூரத்திலிருந்தே "ஜிம்மி சிஹாட்?" என்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போகிறார்.

தோட்டத்துக்குள் நுழைந்தால் ஜிம்மிதான் வழிகாட்டி. வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகளில் முள் இருக்கும், பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். எலியைப் பிடிக்க ஆந்தைகளுக்குக் கம்பத்தில் கூடு வைத்திருப்பார்கள். செம்பனைப் பூவில் ஒரு சின்ன வண்டு வேலை செய்கிறது. மகரந்தத்தைச் சேர்க்க 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்டு அது. அதற்கு முன் பல இடங்களில் மனிதர்களே கையால் மகரந்தம் தூவினார்களாம். இதைப் படித்த பிறகு பூவைக் குனிந்து பார்க்கிறேன். ஜிம்மிக்கோ உடும்பு ஒன்றில்தான் கண்.

நடந்துவிட்டு வந்ததும் பாட்டிக்கு விவரம் சொல்ல வேண்டும். பாட்டிக்குத் தெரிந்தது செம்பனைக்கு முந்திய தோட்டம். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்துப் பால்மரம் வெட்டிய காலம். "மேட்டுக்குப் பக்கத்துல கெணறு இருக்குமே, பார்த்தியா?" என்பார். நான் பார்க்கவில்லை. அடுத்த நாள் தேடிப் போனேன். மட்டைகளுக்கு நடுவே சிமெண்டு வளையம் மட்டும் கிடந்தது, ஜிம்மி அதை மோப்பம் பிடித்துச் சுற்றி வந்தது. படம் எடுத்துக் காட்டினேன். பாட்டி கைப்பேசியை வெகுநேரம் திருப்பித் தரவில்லை. அந்தக் கிணற்றடியில் யார் யார் சண்டை போட்டார்கள் என்று அன்று இரவு முழுக்கக் கதை. தம்பியும் கேமை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஊருக்குள்ளேயே இன்னொரு நடை இருக்கிறது, கோத்தா லுக்குட். ஈய வணிகத்தைக் கட்டுப்படுத்த ராஜா ஜுமாட் 1847இல் கட்டிய கோட்டை. அவரும் கிள்ளான் ராஜா அப்துல்லாவும் சேர்ந்துதான் 1857இல் 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கோலாலம்பூர் பக்கம் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். கோலாலம்பூரின் காப்பித்தான் ஆன யாப் ஆ லோய் இளமையில் லுக்குட்டில்தான் வேலை பார்த்தார். தலைநகரில் படிக்கும் என் நண்பர்கள் "லுக்குட்டா? அது எங்கே இருக்கு?" என்று கேட்கும்போது இதைச் சற்றுச் சத்தமாகவே சொல்வேன். கோட்டைக்கு ஜிம்மியைக் கூட்டிப் போவதில்லை. பலரும் வந்து போகும் இடம், கீழே அரும்பொருளகமும் இருக்கிறது.

வரும் மார்ச்சில் தஞ்சோங் துவானுக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி வடக்கே திரும்பும் பருந்துகளைக் கலங்கரை விளக்கத்துப் பக்கம் நின்று பார்க்கலாம். பாட்டி வருகிறேன் என்கிறார், மேடு ஏற முடியுமா என்று அப்பா யோசிக்கிறார். தம்பி கைப்பேசிக்கு மின்கலம் போதுமா என்று கவலைப்படுகிறான். ஜிம்மிக்கு இன்னும் செய்தி சொல்லவில்லை.