ஆய்வகத்து இழையும் ஆஸ்பத்திரிப் படுக்கையும்

சர்க்கரை வியாதியால் காலில் கண்ட புண் மாதக்கணக்கில் ஆறாமல், கடைசியில் விரலையோ பாதத்தையோ எடுத்துவிட நேர்கிற துயரத்தை அறியாத தெரு திருவேற்காட்டில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எங்குமே இராது. அதே திருவேற்காட்டை அடுத்த வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரியிலும், தஞ்சைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும், சேதமுற்ற திசுவை மீண்டும் வளர்க்க உதவும் நானோ இழைச் சாரங்களை, அதாவது உயிரணுக்கள் பற்றி வளரும் மிக நுண்ணிய இழைத் தாங்கிகளைப் பற்றிய ஆராய்ச்சி நடைபெற்று வருவதையும் சேர்த்து எண்ணும்போது, இவ்விரண்டுக்கும் இடையே ஏன் இத்தனை தூரம் என்ற கேள்வி எழாமலிராது.

நம் சரீரத்துத் திசுக்களின் உயிரணுக்களில் பெரும்பாலானவை, கொழுகொம்பு கிடைக்காத கொடியைப்போல, பற்றிக்கொள்ள ஆதாரமில்லாவிடில் மடிந்துபோகும் சுபாவமுடையவை. அந்த ஆதாரத்தை இயற்கை கொலாஜன் என்னும் புரத நூல்களால் பின்னியிருக்கிறது. அதையொத்த ஒன்றைச் செய்ய, சிரிஞ்சில் பாலிமர் கரைசலை நிரப்பி ஊசிமுனைக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், முனையில் திரளும் துளி கூம்பாக நீண்டு, மெல்லிய தாரையாகச் சுழன்று பாய்ந்து, கரைப்பான் ஆவியாகிவிட, தலைமயிரின் நூற்றில் ஒரு பங்கு பருமனும் இல்லாத இழைகளாக எதிரேயுள்ள உருளையில் வெண்படலமாய்ப் படிகிறது. 1934-இல் ஃபார்ம்ஹால்ஸ் என்பவர் நூல் தயாரிக்கக் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்ததே இது. அந்தப் படலத்தில் உயிரணுக்கள் வேரூன்றித் தமக்குரிய நூலைத் தாமே பின்னிக்கொள்ளும் காலத்தில், செயற்கை இழை மெல்லக் கரைந்து மறைய வேண்டும் என்பதே இதன் சூட்சுமம்.

கஷ்டங்கள் இல்லாமலில்லை. இழைகள் மிக நெருங்கிப் படிந்தால் உயிரணுக்கள் உள்ளே புகமாட்டா. கரைப்பானின் மிச்சம் நஞ்சாகும். கனத்த திசுவுக்கு இரத்தக் குழாய்களும் வேண்டும். எனினும் இவற்றினும் பெரிய தடை, கட்டுரை அச்சேறியதும் காரியம் முடிந்ததாகக் கருதும் நம் மனோபாவம்தான். கட்டுரைக்குப் பின் வேண்டிய மிருகப் பரிசோதனை, நோயாளிகளிடம் சோதனை, கிருமியற்ற உற்பத்தி ஆகிய மூன்றுக்கும் பணமும் பொறுமையும் தேவை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பன்றியின் பித்தப்பையிலிருந்து உருவாக்கிய ‘கோலிடெர்ம்’ என்னும் புண்ணாற்றும் படலத்துக்கு 2023-இல் மத்திய அரசின் அனுமதி பெற்று, ஆய்வகப் பொருளை நோயாளிவரை கொண்டுசேர்ப்பது நம் நாட்டில் சாத்தியமே என்று காட்டிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு என்ன குறை? அடையாற்றில் 1948 முதல், கொலாஜனாலான தோலையே ஆராயும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. மருந்துகளை மொத்தமாக வாங்க அரசின் மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. தேறிவரும் படலங்களை அரசு மருத்துவமனைகளிலேயே முறைப்படி சோதித்து, பலன் தருவதை அக்கழகம் வாங்கும் என்று அரசாங்கம் முன்கூட்டியே உறுதியளிக்கட்டும். பல்கலைக்கழகங்களின் தரத்தை மதிப்பிடுவோரும், எத்தனை கட்டுரைகள் வெளிவந்தன என்பதோடு, எத்தனை புண்கள் ஆறின என்பதையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.