வழுக்கைக் கோழி

தீபாவளிக்கு எம்.ரெட்டியபட்டி போயிருந்தேன். எங்கள் பெட்டைக்கோழி கழுத்து மொட்டையாக, பாதி உரித்த மாதிரி நின்றது. முட்டையும் இல்லை. ‘‘சீக்கு! குழம்பு வெச்சிரலாம்’’ என்றேன், நாக்கைச் சப்புக்கொட்டி.

‘‘கோட்டிப் பயலே, தீனி நல்லாத்தான் எடுக்குது. இறகு மாத்துதுடா!’’ என்றாள் அப்பத்தா.

விஷயம் இருக்கிறது சார். இறகில் சுமார் 85 சதவிகிதம் புரதம். இறகும் வளர்த்து முட்டையும் போடக் கட்டுப்படியாகாது. முட்டைக் கடையை மூடிவிடுகிறது. வெறும் கம்பும் சோளமும் காணாது. அப்பத்தா பழைய பானையில் ஈரச் சாணி, கந்தல் சாக்கு திணித்து, புற்றுப் பக்கம் கவிழ்த்தாள். விடிந்தால் பானைக்குள் கரையான்! கூடவே கடலைப் புண்ணாக்கு. ‘‘தூக்காதேடா, குருத்து இறகு. ஒடிஞ்சா ரத்தம் வரும்.’’

பொங்கலுக்குப் போனால், பளபளவென்று முட்டையிட்டுக் கொக்கரிக்கிறது. அப்பத்தா என் முன்னந்தலையைத் தடவினாள்.

‘‘உனக்கும் ஒரு பானை கவுத்தட்டுமாய்யா?’’