வேர் தேடி வருகிறவர்கள்

எங்கள் தேவனாம்பட்டினத்தில் டேவிட் கோட்டை இடிபாட்டைப் பார்க்க வெளிநாட்டார் யாராவது வந்தால், டீக்கடையில் ஒரு குரல் கட்டாயம் கேட்கும்: "காசு கொழுத்துப் போச்சு, கல்லைப் பார்க்க வந்துட்டான்." நானும் கூடச் சிரித்தவன்தான்.

மூன்று வருடம் முன்பு மனைவியோடு கேரளா போனபோது சேந்தமங்கலம் யூதர் ஜெப ஆலயத்தைப் பார்த்தோம். முன்புறம் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் நிற்கிறது. வருடம் 1269! அதன் முன் இஸ்ரேலிலிருந்து பேத்தியோடு வந்த ஒரு பெரியவர். 1950களில் கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குப் போனார்களே, அப்போது அம்மா இடுப்பில் போன பிள்ளை. அவர் பேசியது அம்மாவிடம் கற்ற மலையாளம். பேத்திக்கு அதுவும் வராது. மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஆலயத்தின் மரவேலைகளையே ஜெருசலேம் மியூசியத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். "பார்த்தேன். ஆனால் அங்கே இந்த ஆறு இல்லையே" என்றார். யூதர் வழக்கப்படி சாராவின் கல்மேல் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு, ஆற்றுக்கு வழி கேட்டுப் போனார்.

வழிபட ஆள் இல்லாத அந்த ஆலயத்தைக் கேரள அரசு பழுது பார்த்து மியூசியமாக வைத்திருக்கிறது. அதனால்தான் அவர் வந்து நிற்க ஓர் இடம் இருந்தது. நம் பக்கம்? 1690இல் நம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கிய கவர்னர் யேல், சென்னையில் ழாக் தெ பைவா என்ற யூத வைர வியாபாரியின் விதவையோடு வாழ்ந்தவர். (பள்ளியில் பிரெஞ்சு படித்த நாக்கு, ழாக் என்றுதான் வரும்.) மின்ட் தெருப் பக்கம் இருந்த யூதர் கல்லறைகளோ இடம் மாறி மாறி லாயிட்ஸ் ரோட்டுக்கு வந்து சேர்ந்தன. நாளைக்கு ஒரு வாரிசு வந்து கேட்டால் எந்த மண்ணைக் காட்டுவது?

பிறரைச் சொல்வானேன். நான் ரிக்கார்டு செக்‌ஷனில் இருந்தவன். தாத்தா பெயரைக் கேட்டு வந்த மனுக்களில், அலமாரியைத் திறக்காமலே "பதிவேடு கிடைக்கவில்லை" என்று நான் எழுதித் திருப்பியவை உண்டு. கறையான் மேல் பழி போட்டுவிடுவோம்.

என் சின்னத் தாத்தா புதுச்சேரியில் கப்பலேறி சைகோன் போனவர். இரண்டு கடிதம் வந்ததாம், அப்புறம் இல்லை. பேரன் இப்போது டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறான். "எழுபத்து நாலு வயசுல அங்கே போய் யாரைக் கேட்கப் போறீங்க?" என்கிறாள் மனைவி. அங்கேயும் ஒரு குமாஸ்தா இருப்பார். அவராவது அலமாரியைத் திறக்க வேண்டும்.