நாடாவின் மீது பழி போடாதீர்!

1894-ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்க வேலைக்காக மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். இந்நாட்டின் மின்சார வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. அதே ரவாங்கில் கணினிப் பராமரிப்பு வேலை பார்ப்பவன் நான். இயந்திரத்தை வாங்குவது ஒன்று. அதன் போக்கை அறிவது வேறொன்று என்பதை அன்றாடம் காண்கிறேன்.

அலுவலகங்களில் அடிக்கடி எழும் புகார் இது: “புது சர்வர் போட்டோம். இரவில் நாடாவில் எடுக்கும் காப்புப் பிரதி விடிந்தும் முடியவில்லை.” உடனே ஒருவர், “நாடா பழைய காலத்துச் சரக்கு, தூக்கிப் போடலாம்” என்பார். இந்த அவசரத் தீர்ப்பு தவறு என்பதே என் கருத்து.

நாடா இயங்கும் விதத்தைப் பாருங்கள். 2017-இல் வந்த எல்.டி.ஓ.-8 நாடாக் கருவி நொடிக்கு 360 மெகாபைட் வரை எழுதும். ஒரு கிகாபிட் வலையமைப்பின் உச்ச வரம்போ நொடிக்கு 125 மெகாபைட்தான். கருவி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. தரவு அதைவிட மெதுவாக வந்தால் நாடா நிற்கும்; பின்னோக்கிச் சுற்றும்; விட்ட இடத்தைப் பிடித்து மீண்டும் ஓடும். நேரமும் வீணாகும், நாடாவும் தேயும். ஆகவே நாடா தடுமாறுகிறது என்றால், தரவு வரும் பாதையைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

பாதையைப் பகுதி பகுதியாக அளப்பதே வழி. முதலில், நாடாக் கருவி பொருத்திய கணினியின் சொந்த வட்டிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை நாடாவில் எழுதுங்கள். வேகமாக எழுதினால் நாடா நிரபராதி. அடுத்து, நாடாவை விட்டுவிட்டு, புது சர்வரிலிருந்து அதே கோப்பை அக்கணினியின் வட்டுக்கு நகலெடுங்கள். அது மெதுவானால் கோளாறு வலையமைப்பில். பழைய 100 மெகாபிட் சுவிட்சில் வேகத்தைக் கையால் நிர்ணயித்திருப்பார்கள். புது சர்வர் தானியங்கி முறையில் இருக்கும். அப்போது ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும். மறுமுனை ஒன்று முடிந்தபின்தான் மற்றதைச் செய்யும். சிறு வேலையில் இது தெரியாது. பெருந்தரவு போகும்போது முட்டி மோதும். இரு முனைகளையும் ஒரே முறையில் அமைத்தால் தீரும். அங்கும் குறையில்லையென்றால், இலட்சக்கணக்கான சிறு கோப்புகளையும், ஒவ்வொன்றையும் திறந்து சோதிக்கும் நச்சுநிரல் தடுப்பானையும் கவனியுங்கள். முதலில் வேறொரு வட்டில் திரட்டி, அங்கிருந்து நாடாவுக்கு அனுப்புவது நல்ல பரிகாரம்.

“இந்தக் காலத்தில் நாடா எதற்கு?” என்போருக்கு ஒரு செய்தி. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையொன்றால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 விழுக்காட்டினரின் மடல்கள் மறைந்தன. வட்டுகளில் இருந்த மறுபிரதிகளையும் அப்பிழை விட்டுவைக்கவில்லை. கூகுள் அவற்றை நாடாவிலிருந்தே மீட்டது. தனியே கழற்றி வைக்கப்பட்டதைப் பிழை தொட முடியவில்லை.

வட சிலாங்கூரில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் தோட்டப் பள்ளிப் படங்களும், கோயில் ஆவணங்களும், கழகத்தின் பழைய மலர்களும் ஒரே கணினியில் கிடந்தால், அது பழுதாகும் நாளில் நம் வரலாறும் போய்விடும். கணினி கற்கும் தம்பி தங்கையரே, அவற்றுக்குப் பிரதி எடுங்கள். நாடாவோ தனி வட்டோ, கையில் உள்ளதில் எடுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்து பார்த்த பிரதியைத்தான் நம்பலாம்.