பாயை விரித்தால் பாரம் இறங்குமா?

பத்தமடையிலோ முக்கூடலிலோ ஒரு பீடித்தட்டின் பக்கத்தில் ஒரு பகல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முந்தின இரவே நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்த இலை காலையில் தகட்டு அளவுக்கு வெட்டப்படுகிறது. ஒரு சிட்டிகைத் தூள், விரல்களுக்கு நடுவே ஒரு உருட்டு, முனையில் ஒரு மடிப்பு, நூலால் ஒரு சுற்று. 25 சேர்ந்தால் ஒரு கட்டு. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பத்து மணி நேரத்தில் ஆயிரம் முடிய வேண்டுமானால் ஒரு பீடிக்கு 36 வினாடி. அதற்குள் உலை கொதிக்கும், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரும், தெருக்குழாயில் தண்ணீர் வரும். குனிந்த கழுத்து நிமிராது, மடக்கிய கால் நீளாது, தூள் நெடி தொண்டையை விட்டுப் போகாது.

“நெஞ்சு படபடன்னு வருது, ராத்திரி உறக்கம் பிடிக்க மாட்டேங்கு” என்று அங்கே பீடி சுற்றும் பெண் சொன்னால், இன்று எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது. மனசைப் போட்டு அலட்டிக்காதே, தினம் இருபது நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனி, எல்லாம் சரியாகிவிடும். மேடையிலும் யூடியூபிலும் இதையே சொல்கிறார்கள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரரும் இதையே சொல்கிறார். பாரம் வெளியே இல்லை, அதை நீ எடுத்துக்கொள்ளும் விதத்தில்தான் இருக்கிறது என்பது இன்று ஊரெங்கும் பரவிவிட்ட நம்பிக்கை. இந்த நம்பிக்கை தவறு. உழைத்துக் களைத்தவர்களுக்கு இது அநீதியும்கூட.

இருபது நிமிடம் என்பது அவளுக்கு 33 பீடி.

யோகாவும் தியானமும் வெற்று வேலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2014-இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் தியானம் பற்றிய 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேர் கலந்துகொண்டவற்றை, ஒன்றாக வைத்து அலசினார்கள். பதற்றமும் மனச்சோர்வும் வலியும் ஓரளவு குறைவதற்குச் சான்று இருந்தது. ஆனால் மருந்து, உடற்பயிற்சி போன்ற மற்றச் சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை. பத்து ஆண்டு கழித்து, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் பிரிட்டனில் 233 நிறுவனங்களில் வேலை பார்க்கும் 46,336 பேரின் விவரங்களைப் பார்த்தார். தியானச் செயலி, மனவுறுதிப் பயிற்சி என்று நிறுவனம் கொடுத்ததில் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் மனநலத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். வேலையின் பளு அப்படியே இருக்க, சுமப்பவரை மட்டும் பழக்கினால் அவ்வளவுதான் கிடைக்கும்.

இதைவிட நமக்கு நெருக்கமான சான்று விழுப்புரம், திருவண்ணாமலைக் கரும்புக் காட்டில் இருக்கிறது. செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை இரண்டு முறை சோதித்தார்கள். ஒன்று, அறுவடைக்கு முன், கையில் காசு வற்றி, நகை அடகுக்குப் போயிருக்கும் நேரம். இன்னொன்று, அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு. யோசித்துத் தீர்க்க வேண்டிய அதே வகைப் புதிர்கள்தான் இரண்டு முறையும். காசில்லாத நாளில் தடுமாறிய அதே மனிதர்கள் காசு வந்ததும் தெளிவாகவும் வேகமாகவும் தீர்த்தார்கள். 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளிவந்தது. அந்த இடைவெளியில் அவர்கள் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் அனுப்பப்படவில்லை. வெட்டிய கரும்புக்குப் பணம் வந்தது, மனம் நிமிர்ந்தது.

திருநெல்வேலிச் சீமையில் மனம் குனிந்திருப்பதன் காரணங்களைத் தேடி அலைய வேண்டாம். ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வரும் இலையை பீடிக்கடையில் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். பாதி இலை ஓட்டையும் கிழிசலுமாக இருந்தால் ஆயிரம் தேறாது. தேறாததற்குக் கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். சாயங்காலம் தட்டோடு கடை வாசலில் நிற்கும்போது, கட்டைப் பிரித்துப் பார்த்து ‘சரியில்லை’ என்று கழித்துவிட்டால் அந்த உழைப்புக்குக் கூலி இல்லை. 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், இலை கொடுப்பதில் வரும் தகராறையும், கழித்த பீடிக்குக் கூலி உண்டா என்ற தகராறையும் தனியாகப் பெயர் சொல்லித் தீர்க்கச் சொன்னது. அந்தப் பெண்ணின் படபடப்பு எங்கிருந்து புறப்படுகிறது என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு மேல் கடன். குழுக்கடன், அடகுக்கடன், அதையும் தாண்டினால் கந்துவட்டி. 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டது. கணவன், மனைவி, இரண்டு சிறு பெண் குழந்தைகள். அதற்கு முன் பலமுறை மனு கொடுத்திருந்தார்கள். அதீத வட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003-இலேயே வந்துவிட்டது. கதவு கதவாகத் தட்டியவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த மனுவைப் படித்து நடவடிக்கை எடுக்கும் ஓர் ஆள். இப்படிப்பட்டவர்களிடம் ‘மனதைக் கட்டுப்படுத்து’ என்று சொல்வது, வெள்ளத்தில் போகிறவனிடம் கரையில் நின்றபடி நீச்சலின் பெருமையைப் பேசுவதுதான்.

இன்னொரு கேடும் உண்டு. உண்மையிலேயே மனநோய்க்கு ஆளானவர்களிடம் ‘மாத்திரையை நிறுத்து, தியானம் போதும்’ என்கிறார்கள். நோய் முற்றினால் ‘நீ ஒழுங்காகச் செய்யவில்லை’ என்று பழியை அவர்கள் மேலேயே போடுகிறார்கள். பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணை எந்த நேரமும் காசில்லாமல் அழைக்கலாம். தியானத்துக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை.

யோகாவை உலகுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் இந்தத் திருநெல்வேலிச் சீமைக்காரர்தான் என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். வெளியூர்க்காரருக்குப் பத்தமடை என்றால் பாய். கோரையைக் கிழித்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, பட்டுப்போல் நெய்யும் பாய். அந்த ஊரில் 1887-இல் பிறந்த குப்புசாமிதான் பின்னாளில் சுவாமி சிவானந்தர். அவர் மருத்துவர். மலேயாவில் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் கூலிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். துறவு பூண்டு ரிஷிகேசம் போன பிறகும் அவர் மருந்தைக் கைவிடவில்லை. தமது காப்பீட்டுப் பணத்தைக் கொண்டு 1927-இல் லட்சுமண்ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். 1936-இல் அவர் நிறுவிய தெய்வ நெறிக் கழகத்தின் தாரக மந்திர வரிசையில் தொண்டு முதலில் வருகிறது, அன்பு அடுத்து, தியானம் அதற்கும் பின்னால். காய்ச்சலோடு வந்த யாத்ரீகருக்கு முதலில் மருந்து கொடுத்தவர் அவர். அவர் பெயரைச் சொல்லி மருந்தையும் கூலியையும் கடனையும் ஒதுக்கிவிட்டு ஆசனத்தை மட்டும் விற்பவர்கள் அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்க்கவில்லை.

பத்தமடைக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வருகிறவர்கள் தாராளமாக வரட்டும். வந்ததும் பாயை விரிக்குமுன், இந்த வாரம் இலை எவ்வளவு குறைந்தது, நேற்று எத்தனை கட்டைக் கழித்தார்கள், குழுக்கடன் கட்ட வேண்டிய நாள் எது என்று கேட்கட்டும். கேட்டதை எழுதி, பீடி சுற்றும் பெண்களோடு தொழிலாளர் அலுவலகம் வரை நடக்கட்டும். திரும்பி வந்து கழுத்தை எப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கட்டும். பகலெல்லாம் குனிந்தே இருந்த கழுத்துக்கு அது இதமாகத்தான் இருக்கும்.