துடித்தது கண்... தூங்காதது நீங்கள்!

இடது கண் துடிக்கிறது. பாட்டி பக்கத்தில் இருந்தால், 'பொம்பளைங்களுக்கு இடது கண் துடிச்சா நல்லதுடீ' என்று ஒரே வரியில் முடித்திருப்பார். நீங்களும் தூங்கப் போயிருப்பீர்கள். இப்போதோ ராத்திரி 11 மணிக்குச் செல்போனை எடுத்து, 'கண் துடிப்பது ஏன்?' என்று தட்டுகிறீர்கள். 'தூக்கக் குறைவு, அதிகக் காபி' என்று முதலிலேயே பதில் வந்துவிடுகிறது. அத்தோடு விட்டீர்களா? ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனதில், தசைகளைச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய் ஒன்று எதிரே வந்து நிற்கிறது. மணி 2. கண் இன்னும் அதிகமாகத் துடிக்கிறது. தூக்கம் கெட்டால் துடிக்கத்தானே செய்யும்!

இது செல்போன் கொண்டுவந்த புது வியாதி அல்ல. 1889-ல் ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய ஆங்கில நகைச்சுவை நாவலில் ஒருவர், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மருத்துவப் புத்தகம் ஒன்றைப் புரட்டிவிட்டு, அதிலுள்ள எல்லா நோயும் தனக்கு இருப்பதாக முடிவுகட்டுவார். வீட்டு வேலை செய்பவர்களுக்கு வரும் முழங்கால் வீக்கம் மட்டும் இல்லையாம். அதில் அவருக்கு மனத்தாங்கல் வேறு!

ஆனால், புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. செல்போனுக்கு ஏது? 2008-ல் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளர்கள் வைட், ஹார்விட்ஸ் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். சாதாரணத் தலைவலியைத் தேடப் போனால் மூளைக்கட்டி கண்ணில் படுகிறது. அடிக்கடி கண்ணில் படுவதால், அடிக்கடி வருகிற நோய் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது.

உண்மையில் நீங்கள் தேடுவது தகவலை அல்ல. 'உனக்கு ஒண்ணுமில்லை' என்ற ஒரு வார்த்தையை. அது கிடைத்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு 'ஒருவேளை...' என்று மறுபடி ஆரம்பம். கேஸை மூடினோமா என்று நாலு தடவை அடுப்பங்கரைக்குப் போய்ப் பார்ப்பவருக்கு ஐந்தாவது தடவையும் சந்தேகம் வருமே, அந்தக் கதைதான்.

டாக்டர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. 'நெட்டுல படிச்சேன் டாக்டர்' என்றதுமே சிலர் முகம் சுளிக்கிறார்கள். பயந்து வந்தவரை விரட்டினால், அவர் திரும்பவும் செல்போனிடம்தானே போவார்? 'அந்த நோய் உங்களுக்கு ஏன் இல்லை' என்று 2 நிமிஷம் விளக்கினால் என்ன குறைந்துவிடும்?

இனி ராத்திரியில் கை பரபரத்தால், சந்தேகத்தை ஒரு தாளில் எழுதிவிட்டுப் படுத்துவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம். கண் துடிப்பு வாரக்கணக்கில் நீடித்தாலோ, கன்னமும் சேர்ந்து இழுத்தாலோ அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். திடீர் நெஞ்சுவலி, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது... இதற்கெல்லாம் தாளும் வேண்டாம், தேடலும் வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.