விதியல்ல, வஞ்சனை!

எட்டாம் மாதத்துக் குழந்தை தங்காது. அது தலைவிதி என்பர் பழமை விரும்பிகள். மருத்துவம் அதனை மறுக்கிறது. கருவில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிவே! 37 வாரம் நிறையுமுன் பிறப்பதே குறைப்பிரசவம். 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் அவ்விதம் பிறந்தவை ஏறத்தாழ 30 லட்சம். இத்தனைக்கும் விதியா பொறுப்பு?

காரணங்கள் அனைத்தும் விளங்கிவிடவில்லை, மெய்தான். விளங்கியவை எவை? இரத்தச் சோகை, இரத்தக்கொதிப்பு, சிறுநீர்த் தொற்று, ஓய்வற்ற கடும் உழைப்பு! முன் மூன்றும் சோதித்தால் தெரியும், மருந்துக்கு அடங்கும். நான்காவதற்கு மருந்து எது?

சரவணம்பட்டியைப் பாருங்கள்! கணினி நிறுவன மாடங்கள் வானை அளாவுகின்றன. உள்ளே பணிபுரியும் பெண்ணுக்கு 26 வார ஊதிய விடுப்பு. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஈந்த உரிமை. மகிழ்கிறோம். அம்மாடத்துக்குச் செங்கல் சுமந்த சித்தாளுக்கு? ஒருநாள் நின்றால் ஒருநாள் கூலி போயிற்று! வயிற்றிலும் சுமை, தலையிலும் சுமை! முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் தருகிறது, வரவேற்கிறோம். ஆனால், மாதக்கணக்கில் இழக்கும் கூலிக்கு அது ஈடாகுமா?

தோழர்களே! கருவுற்ற தாய்மாரை 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியச் செய்யுங்கள். சித்தாளுக்கும் கூலியுடன் ஓய்வு வேண்டுமென முழங்குங்கள். நாம் கேட்பது சலுகையன்று. பிறவாத குழந்தையின் உரிமை!